கால் கிலோ கொத்துக்கறியில் ஏழு பேர்: அம்மாவின் 'கிழங்கு மெத்தை' எனக்கு வரவில்லை

அருவங்காட்டுப் பெண்
சனி, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் இங்கே படிப்பதோடு சரி. இன்று உங்கள் உதவி வேண்டும்.

நான் வளர்ந்தது நீலகிரி மலையில், அருவங்காட்டில். அப்பாவுக்கு கார்டைட் (வெடிமருந்து) ஃபேக்டரியில் வேலை. குவார்ட்டர்ஸ் வீட்டில் அப்பா, அம்மா, பாட்டி, நாலு பிள்ளைகள் என்று ஏழு பேர். சம்பளம் வந்த வாரம் ஆட்டுக்கறி, மற்ற வாரங்களில் மாட்டுக்கறி. மாதக் கடைசி ஞாயிறு என்றால் கால் கிலோ கொத்துக்கறி, அதற்கு மேல் முடியாது. அந்தக் கால் கிலோவை வைத்து ஏழு பேருக்கும் வயிறு நிறையப் போட்டார் அம்மா.

பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி சொல்லிக்கொடுத்த பதார்த்தம் அது. அவர் 'பை' (pie) என்பார். எங்கள் பாட்டி அதற்கு வைத்த பெயர் கிழங்கு மெத்தை. அடியில் கறி, அதன்மேல் மசித்த உருளைக்கிழங்கு இரண்டு விரல் கனத்துக்கு. இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்துத் தகர மூடியால் மூடி, மூடி மேலே தணல் கரியைப் பரப்புவார். ஜூலை மாதத்து மழையிலும் காற்றிலும் ஓடு தடதடக்கும். நாலு பேரும் அடுப்படியை விட்டு நகரமாட்டோம். மூடியைத் திறந்தால் மேல் பக்கம் பொன்னிறமாக, கரண்டி பட்டால் சத்தம் கேட்கிற அளவுக்கு மொறுமொறுவென்று இருக்கும்.

அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. எதையும் எழுதி வைக்கவில்லை. நான் இப்போது சென்னையில் இருக்கிறேன். மூன்று ஞாயிறு செய்து பார்த்துவிட்டேன். கறி வெளிறிப்போய்த் தண்ணீர் விடுகிறது. கிழங்கு லேசாக இனிக்கிறது, சர்க்கரை எதுவும் போடாமலே. மேலே அந்த மொறுமொறுப்பு வருவதே இல்லை.

என் அளவு: பாக்கெட்டில் வருகிற கைமா அரைக் கிலோ, உருளைக்கிழங்கு முக்கால் கிலோ, பெரிய வெங்காயம் மூன்று, இஞ்சி பூண்டு, மிளகுத்தூள், பட்டை, கிராம்பு, ஒரு ஸ்பூன் வினிகர். வீட்டில் நாலு பேர். ஓவனில் 180 டிகிரி, அரை மணி நேரம். அம்மா எவ்வளவு கிழங்கு போட்டார் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது, ஒன்றரைக் கிலோ. கடைக்குப் போய் வாங்கி வருவது நான்தான்.

மலை ஊரில் இதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

—

குன்னூர் மார்க்கெட்
சனி, இரவு 9.52

அக்கா, முதல் தப்பு பாக்கெட்டில் இருக்கிறது. எங்கள் அப்பா மாட்டுக்கறிக் கடை வைத்திருந்தவர். நான் பத்து வயதிலிருந்து கடையில் நின்றவன்.

கடையில் கொத்துக்கறி என்றால் புளியமரக் கட்டையில் வைத்து, கையில் இரண்டு கத்தியோடு கொத்துவது. மெஷினில் அரைத்தால் கறி நசுங்கும். இரண்டு தடவை அரைத்தால் களி மாதிரி ஆகிவிடும், சட்டியில் போட்டதும் தண்ணீரையெல்லாம் விட்டுவிடும். கையால் கொத்தின கறி மணல்மணலாக நிற்கும்.

இன்னொன்று கொழுப்பு. பாக்கெட்காரர்கள் கொழுப்பை எடுத்துவிட்டுச் சுத்தக் கறியாகப் போடுகிறார்கள். மாதக் கடைசியில் வருகிறவர்களுக்கு அப்பா கழுத்துப் பக்கமும் நெஞ்சுப் பக்கமும் கலந்து போடுவார். ஜவ்வும் கொழுப்புமாக இருக்கும், விலை குறைவு. ருசி அதில்தான். கடையில் கேட்கும்போது, கிலோவுக்கு 200 கிராம் கொழுப்பு சேர்த்துக் கொத்தித் தரச் சொல்லுங்கள்.

நம் பக்கம் ஏன் கொத்துக்கறி இவ்வளவு ஓடியது என்றும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 1958ஆம் வருடத்துச் சட்டப்படி, பத்து வயது தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஆகாது என்று சான்று வாங்கிய மாடுதான் வெட்டுக்கு வர வேண்டும். உழைத்து முடித்த மாட்டின் கறி நார்நாராக இருக்கும். அதோடு குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் இன்னும் ஒன்றரை டிகிரி கம்மி. குக்கர் இல்லாத வீட்டில் துண்டுக்கறி வேக மத்தியானம் முழுக்க விறகு எரிக்க வேண்டும். கொத்திப் போட்டால் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். கறி மிச்சம், விறகும் மிச்சம்.

—

சின்ன வெங்காயம்
சனி, இரவு 10.15

தண்ணீர் விடுவதற்கு என் பதில்: அகலமான இரும்புச் சட்டி, புகை வருகிற சூடு, கறியை இரண்டு பாகமாகப் பிரித்துப் போடுங்கள். மொத்தத்தையும் கொட்டினால் சட்டி ஆறிவிடும், கறி தன் தண்ணீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகும். தண்ணீர் வற்றிச் சிடுசிடு சத்தம் வந்து, அடியில் பழுப்பாக ஒட்ட ஆரம்பித்த பிறகுதான் வெங்காயம். வெங்காயத்தின் ஈரம் அந்த ஒட்டினதையெல்லாம் கிளப்பிக் கொடுத்துவிடும்.

கைமாவை வாங்கிய அன்றே சமைத்துவிடுங்கள். முழுத் துண்டில் கிருமி வெளிப்பக்கத்தில்தான் இருக்கும். கொத்தினால் உள்ளேயும் போய்விடும். அதனால் நடுவில் சிவப்பாக விடவே கூடாது, உள்ளே 71 டிகிரியாவது வர வேண்டும்.

—

பெருமாள்மலை
ஞாயிறு, காலை 6.30

இந்த இழையைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. நான் கொடைக்கானல் பக்கம். என் தாத்தா அமெரிக்க மிஷனரி வீடுகளில் பட்லராக இருந்தவர். 1845இல் கொடையில் முதல் பங்களாக்களைக் கட்டியது அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள். 1901இல் அவர்கள் பிள்ளைகளுக்கென்று பள்ளியும் வந்தது. அதனால் ஊட்டிப் பக்கம் இங்கிலீஷ்காரர் சமையல் என்றால், எங்கள் பக்கம் அமெரிக்கர் சமையல்.

அமெரிக்காவில் கொத்துக்கறி பணக்காரச் சாப்பாடே இல்லை. 1930களின் பொருளாதார மந்த காலத்தில் கொஞ்சம் கறியை ரொட்டித்தூள், ஓட்ஸ் என்று எதையாவது சேர்த்துப் பெரிதாக்கி, ரொட்டி மாதிரி சுட்டுத் துண்டு போட்டார்கள். மீட் லோஃப் என்று பெயர். தாத்தா 'மீட்லாப்பு' என்பார். அப்புறம் 'கூலாசு'. ஹங்கேரி நாட்டில் கூலாஷ் என்றால் துண்டுக்கறி போட்ட மிளகாய்க் குழம்பு. அமெரிக்க வீட்டில் அதே பெயருக்குக் கொத்துக்கறி, தக்காளி, மக்ரோனி மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறுவது. ஸ்லாப்பி ஜோ என்றால் தக்காளிச் சாற்றில் தளதளவென்று வெந்த கொத்துக்கறியைப் பன்னுக்கு நடுவில் வைப்பது. எங்கள் வீட்டில் பன் கிடையாது. தாத்தா அதைச் சோற்றில் போட்டுக் கொடுத்தார். கூடவே மலைப்பூண்டு பத்துப் பல் தட்டிப் போடுவார். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே பூண்டு. துரைசாணி வீட்டில் இரண்டு பல்லுக்கு மேல் போட அனுமதி இல்லையாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தாத்தா ஒன்று சொல்வார்: ரொட்டியைப் பாலில் ஊறவைத்துப் பிசைந்து கறியில் சேர்த்தால் கறி சாற்றை விடாது. ரொட்டியின் மாவு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உங்கள் மெத்தைக்கு அடியில் அப்படி ஏதாவது இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். கூடப் பிறந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

—

மலைத்தேன்
ஞாயிறு, காலை 8.05

சகோதரி, தப்பாக நினைக்க வேண்டாம். பல வீட்டுக்காரர்களும் இருக்கிற குழு இது. ஆட்டுக்கறி என்று போட்டு எழுதியிருந்தால் எல்லோருக்கும் பொதுவாக இருந்திருக்குமே?

—

லயத்துப் பிள்ளை
ஞாயிறு, காலை 9.20

மலைத்தேன் அண்ணா, உங்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் இதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது. கோத்தகிரிப் பக்கம் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டம்) லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஒரு அறை, ஒரு அடுப்படி. அம்மா கொழுந்து பறித்தார். எங்கள் வீட்டுக் கொத்துக்கறியில் கிழங்குக்குப் பதில் முட்டைக்கோஸ். ஒரு முழுக் கோஸை மெல்லிசாக அரிந்து கால் கிலோ கறியில் போட்டால் அது சுருங்கிக் கறியின் நிறத்துக்கே வந்துவிடும், எது கறி எது கோஸ் என்று தெரியாது. தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் கூட. அதைவிட நல்ல சாப்பாட்டை நான் இதுவரை சாப்பிட்டதில்லை.

மிச்சம் இருந்தால் திங்கட்கிழமை டிபன் பாக்ஸில் வைப்பார். வைக்கும்போது ஒவ்வொரு முறையும் சொல்வார்: "யாராவது கேட்டால் ஆட்டுக்கறி என்று சொல்லு." ஏழாம் வகுப்பில் ஒரு நாள் பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். ஆட்டுக்கறி என்றேன். ஆட்டுக்கறி இவ்வளவு கறுப்பாக இருக்காதே என்றாள். அதற்குள் இன்னும் இரண்டு பேர் எழுந்து நகர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். வகுப்பாசிரியை பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பள்ளிக்கு வெறும் சம்பல்தான் கொண்டுபோனேன். அம்மாவிடம் காரணத்தைச் சொல்லவில்லை. கறி எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் நம்பிவிட்டார், அதற்கப்புறம் என் பங்கைத் தம்பிக்குப் போட்டார்.

அதனால் அண்ணா, இங்கேயாவது மாட்டுக்கறி என்றே எழுத விடுங்கள்.

—

மலைத்தேன்
ஞாயிறு, காலை 9.48

படித்தேன் அம்மா. இரண்டு முறை படித்தேன். நான் எழுதியதை அழிக்கவில்லை, உங்கள் பதிலுக்கு அது இருக்க வேண்டும். அந்த வார்த்தையை நானும் கேட்டிருக்கக் கூடாது. எல்லோரும் தொடருங்கள்.

—

ஹட்டிக்காரன்
ஞாயிறு, பகல் 12.40

நான் படுகர். எங்கள் வீட்டில் மாட்டுக்கறி கிடையாது. ஆனால் கிழங்கைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு என்பதால் எழுதுகிறேன்.

அருவங்காட்டு அக்கா, கிழங்கு இனிக்கிறது என்றீர்களே, அது குளிர்பதனக் கிடங்கில் இருந்த கிழங்கு. இல்லாவிட்டால் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருப்பீர்கள். நாலைந்து டிகிரிக் குளிரில் கிடந்தால் உருளைக்கிழங்கில் இருக்கும் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாகிவிடும். வாங்கியதும் சாக்கில் போட்டு, இருட்டாக, காற்றோட்டமாக இரண்டு வாரம் வெளியில் வையுங்கள். இனிப்பில் பாதிக்கு மேல் மறுபடியும் மாவாகிவிடும்.

எங்கள் பக்கம் நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று மூன்று போகம். சித்திரையில் ஊன்றுகிற கார்போகம்தான் பெரியது. தோண்டின கையோடு வருகிற புதுக்கிழங்கு ஈரமாக இருக்கும், தோல் விரலால் தேய்த்தாலே வந்துவிடும். குழம்புக்கு நல்லது, மசிக்க ஆகாது. மசித்தால் பசை மாதிரி இழுக்கும். தோல் தடித்து ஒரு மாதம் ஆன கிழங்குதான் மெத்தைக்குச் சரி. தோலோடு வேகவைத்து, தண்ணீரை வடித்து, வெறும் சட்டியில் இரண்டு நிமிடம் ஆவி போக விடுங்கள். அப்புறம் கையால் மசியுங்கள். மிக்ஸி வேண்டவே வேண்டாம்.

1961இல் எங்கள் மண்ணில் கிழங்கை அழிக்கிற நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். ஊட்டிப் பக்கத்து முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் அதற்குத் தாக்குப்பிடிக்கிற ரகங்களுக்காக எவ்வளவோ பாடுபட்டது. அப்படியும் எங்கள் ஹட்டியில் (படுகர் ஊரில்) பலர் கேரட்டுக்கும் தேயிலைக்கும் போய்விட்டார்கள். நாங்கள் இன்னும் கால் ஏக்கரில் கிழங்கு போடுகிறோம்.

சின்ன வயதில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் வீடுகளுக்குக் கிழங்கு மூட்டை கொண்டுபோவோம். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் வருகிற வாசனை எனக்கு நன்றாகத் தெரியும். உள்ளே என்ன வேகிறது என்று தெரியும், சாப்பிடமாட்டோம் என்று அவர்களுக்கும் தெரியும். எங்களுக்குக் கறுப்பு டீயும் பொரையும் தனியாக எடுத்து வைத்திருப்பார்கள்.

—

கூடலூர்க்காரி
ஞாயிறு, மாலை 4.10

எங்கள் பக்கம் கேரளா ஒட்டு, அதனால் மரவள்ளிக்கிழங்குதான். வேகவைத்து மசித்த மரவள்ளியில் தேங்காய், மஞ்சள், கறிவேப்பிலை போட்டு, கொத்துக்கறியை அதிலேயே கொட்டிக் கிளறிவிடுவோம். மெத்தை எல்லாம் இல்லை, எல்லாம் ஒன்றாகக் கலந்துதான்.

மூடி மேல் கரி போடுவதன் அருமை ஓவனில் வராது. கரியின் சூடு நேராகக் கிழங்கின் முகத்தில் அடிக்கும். கடைசி ஐந்து நிமிடம் ஓவனில் மேல் கம்பி மட்டும் எரிய விடுங்கள்.

—

வர்க்கி
ஞாயிறு, இரவு 8.30

அருவங்காட்டு அக்கா, ஒரு சந்தேகம். மேல் பக்கம் மொறுமொறு என்கிறீர்கள். மசித்த கிழங்கு மட்டும் இருந்தால் தோல் மாதிரி காயும், சிவக்கும். கரண்டி பட்டால் சத்தம் வராது. மேலே ஏதோ தூவியிருக்கிறார்கள். ஆங்கிலோ இந்திய வீட்டில் ரொட்டித்தூள் தூவுவார்கள். உங்கள் அம்மா வர்க்கியை, அதுதான் ஊட்டி பேக்கரியின் மொறுமொறு பிஸ்கட்டை, தூளாக்கிப் போட்டிருக்கலாம்.

என் சித்தப்பா பேக்கரியில் வேலை செய்தவர். விறகு அடுப்பில் சுட்ட வர்க்கியைத் தட்டிலிருந்து கொட்டும்போது உடைந்ததெல்லாம் ஒரு பெரிய டின்னில் சேரும். அதைப் பாதி விலைக்குக் கொடுப்பார்கள். குவார்ட்டர்ஸ் அம்மாமார்கள் பையோடு வந்து வாங்கிப்போவார்கள். வர்க்கியில் ஏற்கனவே கொழுப்பு இருப்பதால் தனியாக வெண்ணெய் வேண்டாம், தானே சிவந்துகொள்ளும். 2023இல் ஊட்டி வர்க்கிக்கும் புவிசார் குறியீடு வந்துவிட்டது, சென்னையிலும் தேடினால் கிடைக்கும்.

—

அருவங்காட்டுப் பெண்
அடுத்த ஞாயிறு, பிற்பகல் 3.25

எல்லோருக்கும் நன்றி. இன்று செய்தேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கறி: கடையில் நின்று கொழுப்போடு கையால் கொத்தி வாங்கினேன். இரண்டு பாகமாக வறுத்தேன். தண்ணீர் விடவில்லை. நிறமும் வாசனையும் சரியாக வந்தது.

கிழங்கு: ஃபிரிட்ஜில்தான் வைத்திருந்தேன். ஹட்டிக்காரன் அண்ணா சொன்னது சரி. இரண்டு வாரம் காத்திருக்கப் பொறுமை இல்லை, கடையில் மண் ஒட்டின கிழங்காகக் கேட்டு வாங்கினேன். இனிப்பு போய்விட்டது.

வர்க்கி: தம்பி ஊட்டி போய்வந்தபோது கொண்டுவந்தது கொஞ்சம் இருந்தது. நொறுக்கித் தூவினேன். திறந்ததும் அந்த நிறம். கரண்டி வைத்ததும் அந்தச் சத்தம். அடுப்படியில் தனியாக நின்றுகொண்டிருந்தேன், கொஞ்ச நேரம் கரண்டியை எடுக்கவே இல்லை.

ஆனால் வாயில் வைத்தால் அது இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது. என் பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். அம்மாவுடையது இப்படி கனமாக இருக்காது. இரண்டாவது தட்டு கேட்கத் தோன்றும். இது ஒரு தட்டில் போதும் என்றாகிவிட்டது.

—

பெருமாள்மலை
அதே ஞாயிறு, மாலை 5.00

அம்மா, உங்கள் முதல் பதிவைத் திரும்பப் படித்துக் கணக்குப் போட்டேன். உங்கள் அம்மா ஏழு பேருக்குக் கால் கிலோ, ஆளுக்கு 35 கிராம் கறி. நீங்கள் நாலு பேருக்கு அரைக் கிலோ, ஆளுக்கு 125 கிராம். மூன்றரை மடங்கு! கிழங்கு ஏறக்குறைய ஒரே அளவு.

கறியைக் குறையுங்கள். நாலு பேருக்கு 150 கிராம், கிழங்கு 850. இவ்வளவு கறி போட்டால் கறி சாப்பிடுகிறோம், மேலே கிழங்கு இருக்கிறது. 35 கிராம் போட்டால் கிழங்கு சாப்பிடுகிறோம், அதற்குக் கறி வாசனை ஏறியிருக்கிறது. உங்கள் பாட்டி வைத்த பெயரிலும் கறி இல்லையே.

150 கிராம் சட்டியின் அடியை மூடாது. அங்கே வேறு ஏதோ இருந்திருக்கிறது. யாரையாவது கேட்டீர்களா?

—

குன்னூர் மார்க்கெட்
அதே ஞாயிறு, மாலை 5.20

இது கசாப்புக்கடைக்காரன் மகன் சொல்கிற விஷயம் இல்லை, ஆனாலும் பெருமாள்மலை ஐயா சொல்வது சரி. கொழுப்புள்ள கறி அதிகம் போனால் ஆறினதும் மேலண்ணத்தில் ஒட்டும். நம் ஊர்க் குளிரில் தட்டிலேயே வெள்ளையாக உறையும். அதற்காகவும்தான் கொஞ்சமாகப் போட்டு, கிழங்கால் மூடிச் சூடு போகாமல் வைத்தார்கள்.

—

அருவங்காட்டுப் பெண்
திங்கள், இரவு 10.05

அண்ணனுக்குப் போன் போட்டேன். கேட்ட உடனே சொன்னார்: "அடியில் கேரட்டும் பீன்ஸும்தானே? கறியைத் தேடித்தான் எடுக்கணும். நீ கேரட்டை ஒதுக்குவே, நான் எடுத்துக்குவேன்." எனக்கு அது கொஞ்சம்கூட நினைவில்லை. நாற்பது வருடமாகக் கறியை மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

இன்று சாயங்காலமே செய்தேன், ஞாயிறு வரை இருக்க முடியவில்லை. கறி 150 கிராம். பொடியாக அரிந்த கேரட் இரண்டு, பீன்ஸ் ஒரு கை, வெங்காயம் மூன்று. கறியைச் சிவக்க வறுத்து, வெங்காயம் வதக்கி, கேரட்டும் பீன்ஸும் போட்டு, மிளகுத்தூளும் வினிகரும் விட்டு, அரை டம்ளர் தண்ணீரில் வேகவைத்துச் சுண்டவிட்டேன். மேலே 850 கிராம் கிழங்கு, வர்க்கித்தூள் ஒரு கை. கடைசி ஐந்து நிமிடம் மேல் சூடு மட்டும்.

வந்துவிட்டது. மகள் இரண்டாவது தட்டு கேட்டாள். அண்ணனுக்கு வீடியோவில் காட்டினேன், அவர் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் "அடுத்த மாசம் வர்றேன், கேரட்டை எனக்கு எடுத்து வை" என்றார்.

லயத்துப் பிள்ளை, அடுத்து உங்கள் அம்மாவின் கோஸ் கறி. அளவை எழுதுங்கள்.

—

லயத்துப் பிள்ளை
திங்கள், இரவு 10.31

கால் கிலோ கறிக்கு ஒரு கிலோ கோஸ், பச்சை மிளகாய் ஆறு, ஒரு மூடித் தேங்காய். மஞ்சள் கொஞ்சம் தாராளமாக. கோஸை உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்துவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் விடும். கரண்டியை விடாமல் கிளற வேண்டும். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்.